ஹபீபுன்னிசா போட்ட மஞ்சள்

"அது செவப்பு," என்கிறார் ஹபீபுன்னிசா, அண்ணாந்து பார்த்தபடி. கூத்தாநல்லூர் நிறுத்தத்தில் மற்றவர்கள் எல்லோரும் மன்னார்குடிப் பக்கமிருந்து வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்க்கிறோம். அவர் மட்டும் டீக்கடைக்குப் பின்னால் நிற்கும் புங்க மரத்தையும், அதன் தலையை உரசிக்கொண்டு போகும் மின்கம்பியையும் பார்க்கிறார். டீக்கடைக்காரர் தன் அடுப்பைத்தான் சொல்கிறார் என்று பதறி, கேஸ் குழாயைத் தொட்டுப் பார்க்கிறார். "உங்க அடுப்பைச் சொல்லலீங்க, மரத்தைச் சொன்னேன். பெரிய காத்து அடிச்சா கரண்ட்டு நேரா உங்க தகரத்துல எறங்கும். நீங்க டீயைப் போடுங்க." காலை நேரத்தில் ஒரு மனிதருக்கு இதைவிடத் தெம்பான செய்தியைச் சொல்ல முடியாது. சொல்லிவிட்ட திருப்தியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார்.

தெருவில் அவருக்கு 'மரவெட்டி லாத்தா' என்று பெயர். லாத்தா என்றால் அக்கா. மரவெட்டிக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் அவர் கையால் இதுவரை வெட்டியதெல்லாம் மீனும் வெங்காயமும்தான். வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் வரலாறு படித்தவர். கணவர் சலாஹுதீன் குவைத்தில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் ஒரு மாமரமும் இருக்கிறார்கள். அதே தெருவில் குடியிருந்து, அதே பேருந்தில் திருவாரூரில் உள்ள வங்கிக்குப் போகிற நான் அவருடைய பக்கத்து இருக்கை. வழிநெடுக எந்த மரம் செவப்பு, எது மஞ்ச, எது பச்ச என்று எனக்கும் பாடமாகிவிட்டது. வங்கியில் யாராவது காசோலையை நீட்டினால்கூட முதலில் அதன் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.

அவருடைய அலுவலகம் திருவாரூரில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு மின்சாரக் கம்பெனி, ஹெலிகாப்டரில் லேசர் கருவியைக் கட்டி, தன் மின்கம்பிகளின் மேலேயே பறக்கவிடுகிறது. கருவி கீழே உள்ள அத்தனையையும் கோடிக்கணக்கான புள்ளிகளாக்கி அனுப்புகிறது. அந்தப் புள்ளிகளில் எது கம்பி, எது கிளை, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஆள் உட்கார்ந்து பார்த்து நிறம் போட வேண்டும். உடனே வெட்ட வேண்டிய மரம் சிவப்பு. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றால் மஞ்சள். தன் பாட்டுக்கு வளரட்டும் என்றால் பச்சை. இதையெல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்கிறது என்று கம்பெனியின் விளம்பரம் சொல்கிறதாம். அந்த நுண்ணறிவு தினமும் காலையில், எலுமிச்சை சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சில்லறை இல்லாததற்கு நடத்துனரிடம் திட்டு வாங்கியபடி எங்களோடு வருகிறது.

கம்ப்யூட்டரும் சும்மா இருப்பதில்லை. முதலில் அதுவே ஒரு நிறம் போட்டுவிடும். அதைத் திருத்துவதுதான் இவர் வேலை. ஒருமுறை கம்பிக்குக் கீழே ஒரு புதரைக் காட்டி, கட்டாயம் அகற்ற வேண்டிய செடி என்று அது அடம்பிடித்தது. ஹபீபுன்னிசா திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலுவலகத்தையே கூப்பிட்டார். "செடியாம். வால் இருக்கு பாருங்க. மாட்டைப் பிடிச்சு செடின்னு போட்டு வச்சிருக்கு." அன்று ஆஸ்திரேலியாவில் ஒரு மாடு பிழைத்தது. அதற்காகவோ என்னவோ, ஆண்டுக் கடைசியில் அந்தக் கம்பெனி அவருக்கு ஒரு பீங்கான் கோப்பை அனுப்பிவைத்தது. 'மரங்களின் தோழி' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஆயிரக்கணக்கான மரங்களுக்குச் சிவப்புப் போட்ட தோழி.

எங்கள் ஊர் ஆண்கள் இரண்டு மூன்று தலைமுறையாக உடம்போடு வெளிநாடு போகிறார்கள். விசா, மருத்துவப் பரிசோதனை, ஏஜெண்ட் என்று அலைந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வெயிலைப் பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து போகிறார்கள். ஹபீபுன்னிசா அந்த அவஸ்தை எதுவும் இல்லாமல் கண்ணை மட்டும் அனுப்பிவைக்கிறார். "ஆஸ்திரேலியாவுல நான் போகாத ரோடு கிடையாது, தங்கமணி. ஒரு ஆளைக்கூட பாத்தது இல்ல. ஒரு இலையும் பாத்தது இல்ல. எல்லாம் புள்ளி," என்பார் என்னிடம். சலாஹுதீன் தினமும் குவைத்திலிருந்து வீடியோவில் வருவார். வந்ததும் மாமரத்தைக் காட்டச் சொல்வார். பூத்திருக்கிறதா, பிஞ்சு விட்டிருக்கிறதா, அணில் கடிக்கிறதா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, இணைப்பு மிச்சமிருந்தால், "நீ நல்லா இருக்கியா?" என்பார். கல்யாணமான புதிதில் அவர் வைத்த பங்கனப்பள்ளி ஒட்டு அது. நன்றாகக் காய்க்கும். காய்க்கிற பருவத்தில் ஒருமுறைகூட அவருக்கு விடுப்புக் கிடைத்ததில்லை.

ஒரு பொங்கலுக்குப் பிறகு எங்கள் தெருவின் மேலே டிரோன் ஒன்று வண்டு போல ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்தது. எங்கள் பகுதி மின்கம்பிகளையும் அதே மாதிரி லேசரில் அளந்து பார்க்க ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாம். எதிர்வீட்டு மூஸா தன் வாசல் வேப்பமரத்தடியில், நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். பினாங்கில் ஜவுளிக்கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கப்பல் வடிவில் கட்டி, அதற்குப் புகைபோக்கியும் வைத்திருப்பவர். அவர் டிரோனை அண்ணாந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "யாரு வீட்டுக் கல்யாணமோ. நமக்குப் பத்திரிகை வைக்கல."

ஒப்பந்தம் கை மாறிக் கை மாறி, அந்தப் புள்ளிகள் எங்கே வந்து இறங்கின என்று நினைக்கிறீர்கள்? சென்னை தாண்டி, பெங்களூர் தாண்டி, திருவாரூர் பாத்திரக்கடை மாடிக்கு.

எந்த ஊர் என்று திரையில் போட்டிருக்காது. எண் மட்டும்தான். ஹபீபுன்னிசா ஒரு குறுகலான தெருவைத் திறந்தார். வரிசையாக வீடுகள், நடுவே கம்பி. ஒரு மாடியின்மேல் கப்பல் நின்றது. புகைபோக்கியோடு. அதற்குப் பிறகு எண் எதற்கு? கப்பலின் கீழே மூஸாவின் வேம்பு தெருவைத் தாண்டி வந்து கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே தன் வீடு, தன் கொடியில் தான் காயப்போட்ட போர்வை, சுவரை ஒட்டி மாமரம். கம்பி மாமரத்தின் தலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.

வேம்புக்குச் சிவப்புப் போட்டார். மூலைவீட்டு முருங்கைக்குச் சிவப்பு. பள்ளிவாசல் பக்கத்து வாகைக்குச் சிவப்பு. மாமரத்துக்கு மஞ்சள் போட்டார்.

அன்று மாலை பேருந்தில் என் காதருகே வந்து சொன்னார். "விரல் நழுவிடுச்சு, தங்கமணி."

"எப்ப?"

"காலைல."

"அப்ப திருத்தியிருக்கலாமே."

"சாயங்காலம் வரைக்கும் நழுவிக்கிட்டே இருந்துச்சு." ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்கள் ஓடின. அவற்றைப் பார்த்தபடியே கணவரைப் பற்றிச் சொன்னார்: "மச்சானுக்கு இந்த மே மாசம் லீவு நிச்சயம்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பழம் தின்னுட்டுப் போகட்டுமே. அடுத்த வருஷம் நானே செவப்பு போட்டுடறேன்."

நான் வங்கியில் வேலை பார்ப்பவள். அடுத்த ஆண்டு என்று சொல்லித் தள்ளிப்போடுகிற யாரையும் குறைசொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

சித்திரையில் வெட்டுகிற ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வைக்கு மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு, கையில் செல்போனோடு. அதில் எங்கள் தெரு முழுவதும் வண்ணப் புள்ளிகளாக இருந்தது. ஆட்கள் வேம்பின் தெருப்பக்கத்தை அடியோடு இறக்கினார்கள். மரம் பாதித் தலை மழித்த ஆள் மாதிரி நின்றது. முருங்கை போயிற்று. வாகை போயிற்று. ஹபீபுன்னிசாவின் வாசலுக்கு வந்ததும் கோவிந்தராசு செல்போனைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார். கம்பி கிளைக்குள் போவது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் கண் என்ன கம்ப்யூட்டரா?

"இது மஞ்சள்ப்பா. நடங்க," என்றார் ஆட்களிடம்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மூஸா தன் காலடியில் குவிந்த வேப்பங்கிளைகளுக்கு நடுவே நின்றபடி, மனதில் எதுவும் இல்லாமல் சொன்னார்: "உன் மரம் மஞ்சளாமே, ஹபீபு. அதிர்ஷ்டக்காரிதான். ஊறுகாய்க்கு நாலு காய் குடுத்தனுப்பு." ஹபீபுன்னிசா தலையசைத்தார். காயைப் பறித்துக் கொடுத்தனுப்பவும் செய்தார். அன்றிலிருந்து பேருந்து நிறுத்தத்தில் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். டீக்கடைக்காரர்கூட, "என்னங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இரண்டொரு நாளில் குவைத்திலிருந்து செய்தி வந்தது. கிடங்கில் ஆள் குறைப்பு. இருக்கிறவர்களுக்கு இந்த ஆண்டு விடுப்பு இல்லை. சலாஹுதீன் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அணில் தொல்லைக்கு வலை கட்டச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் ஹபீபுன்னிசா என்னையும் இழுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த கோவிந்தராசுவிடம் போனார்.

"எங்க வீட்டு மாமரம் செவப்புங்க. வந்து வெட்டிடுங்க."

"மஞ்சள்னு இருக்கும்மா."

"தப்பா இருக்கு. மஞ்ச போட்டது நான்தான்."

கோவிந்தராசு பொறுமைசாலி. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "அம்மா, இது மனுஷன் போட்டது இல்லம்மா. டிரோன் விட்டு, லேசர்ல அளந்து, கம்ப்யூட்டர் போட்டது. தப்பே வராது."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்திருக்கறது நான்தாங்க."

அவர் ஹபீபுன்னிசாவின் முக்காட்டையும் சாத டப்பாவையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஊரே வெட்டாதேன்னு சண்டைக்கு வருது. இவங்க வெட்டுங்கறாங்க. வீட்ல ஏதும் பிரச்சினைங்களா?" மஞ்சள் மரத்தை வெட்டினால் தனக்கு மெமோ வரும் என்பதையும், லைனை நிறுத்தாமல் தனியாரை விட்டு வெட்டினால் ஆள் கருகிவிடுவான் என்பதையும், லைனை நிறுத்த வேண்டுமானால் மரம் சிவப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு, மரியாதையாக வழியனுப்பிவைத்தார்.

சரி, தவறு செய்த இடத்திலேயே திருத்தலாம் என்று அலுவலகத்தில் கேட்டார். குழுத்தலைவர் ஃபாஜில் அவருடைய மகள் வயதுப் பையன். நல்ல பையன். கேட்டுவிட்டு முகம் வெளிறிப் போனான்.

"லாத்தா, அந்த ஏரியா முடிஞ்சுபோச்சு. வேலை குடுத்தவங்களும் ஓகே பண்ணிட்டாங்க. இப்ப திறந்தா நம்ம தப்பு சதவீதம் ஏறிடும்."

"தப்பு இருக்கேப்பா."

"இருக்கு லாத்தா. கணக்குல இல்ல." அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டான்: "அடுத்த ஸ்கேன்ல செவப்பு போட்டுக்கலாம். மரம் எங்க போயிடப் போவுது?"

ஆஸ்திரேலியாவின் மூலையில் உள்ள எந்த மரத்தையும் ஒரு சொடுக்கில் சாய்க்க முடிந்த ஹபீபுன்னிசாவால், தன் வீட்டு வாசலில் இருந்த ஒரு கிளையை இறக்க முடியவில்லை. காய் முற்றி நிறம் மாறத் தொடங்கியது. அதுவும் மஞ்சளாகத்தான் மாறியது.

எதிரே மூஸா பிடிவாதமாகத் தன் பழைய இடத்திலேயே நாற்காலி போட்டார். வேம்பு போன பக்கம் மேற்கு. மதியத்துக்குமேல் வெயில் நேராக முகத்தில் அடித்தது. பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெரிய கறுப்புக் குடையை நாற்காலியின் கையில் கயிற்றால் கட்டி, அதன் கீழே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். உள்ளே மின்விசிறி இருக்கிறதே என்று வீட்டில் சொன்னார்களாம். "அதுல காத்து வரும். ஆளு வராது," என்றாராம்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி வாக்கில் காற்று கிளம்பியது. நானும் ஹபீபுன்னிசாவும் அவர் வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தோம். மாங்கிளை ஒருமுறை கம்பியில் உரசியது. இரண்டாம் முறை 'பட்' என்று வெடித்து நீலமாக ஒரு வெளிச்சம் ஓடியது. நெருப்புப் பிடித்த ஒரு சுள்ளி காற்றில் சுழன்று தெருவைத் தாண்டிப் போய், மூஸாவின் குடைமேல் விழுந்தது. குடைத்துணி சுருங்கிப் பொசுங்கியது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மூஸாவே குடையைப் பிடுங்கித் தரையில் அடித்து அணைத்துவிட்டார். தலையில் போட்டிருந்த வெள்ளைத் தொப்பியில் கரித்துளி ஒன்று. குடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"குடை இல்லாட்டி மண்டைதான்," என்றார்.

ஹபீபுன்னிசா வெறுங்காலோடு சுடுகிற தார்மேல் நின்றிருந்தார். "மாமா, அந்த மரத்துக்கு மஞ்ச போட்டது நான். எங்க ஆபீஸ்லதான் போட்டாங்க. நான்தான் போட்டேன்."

மூஸாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் வேம்பைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு?"

"அதுக்குச் செவப்பு போட்டதும் நான்தான். அது நெசமாவே செவப்பு, மாமா."

"உன்னுது?"

"அதுவும் நெசமா செவப்பு."

"ரெண்டும் செவப்பு."

"ரெண்டும் செவப்பு."

மூஸா குடையை மடக்கப் பார்த்தார். கம்பி வளைந்துவிட்டதால் அது மடங்கவில்லை. அப்படியே விரித்த குடையை வாசற்படிக்குள் பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தெருவில் மின்சாரம் இல்லாததால் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். ஆகவே இந்த உரையாடலைக் கேட்காதவர் என்று யாருமில்லை.

கோவிந்தராசு வந்தார், இம்முறை செல்போன் இல்லாமல், ஏணியோடும் இரண்டு ஆட்களோடும். லைனை நிறுத்தி, மரத்தடியில் ஏணியைச் சாய்த்தார். ஹபீபுன்னிசா கேட்டார்: "இப்ப கலர் பாக்க வேண்டாமா?"

"கம்பியில பட்டுடுச்சேம்மா. இப்ப இது ஃபால்ட்டு. ஃபால்ட்டுக்குக் கலர் கிடையாது."

மூஸாவின் மண்டை தப்பியதால், இரண்டு அலுவலகங்கள் தீர்க்காத பிரச்சினை இப்படித் தீர்ந்தது. கிளை பழத்தோடு இறங்கியது. "போதுமாம்மா?" என்றார் மேலே இருந்த ஆள். "போதாது. இன்னும் உள்ள போங்க," என்றார் ஹபீபுன்னிசா. இன்னொரு கிளை இறங்கியது. "இப்ப?" "அந்தக் கவட்டை வரைக்கும் எடுங்க." கோவிந்தராசுவே குறுக்கிட்டார். "மரம் பட்டுப்போயிடும்மா, விடுங்க." கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே நல்ல அகலத்துக்கு வானம் தெரிந்த பிறகுதான் ஹபீபுன்னிசா நிறுத்தச் சொன்னார். செல்போன் அவர் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. குவைத் எண். எடுக்கவில்லை. தெருப்பிள்ளைகள் பழங்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். அதையும் தடுக்கவில்லை.

ஆட்கள் போனார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மிச்சமிருந்த பாதி மாமரத்தின் நிழல் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்திருந்தது. பெரிய நிழல் இல்லை. ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். ஹபீபுன்னிசா உள்ளே போனார். கூடத்தில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. விடுப்பில் வரும் சலாஹுதீனுக்காக மன்னார்குடியில் வாங்கிவைத்த சாய்வு நாற்காலி, உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தனியாகவே படி இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்து நிழலுக்கு நடுவில் போட்டார். பல்லால் கடித்துப் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். துப்பட்டா நுனியால் இருக்கையைத் துடைத்தார். பிறகு நாற்காலியின் முகத்தை மூஸாவின் சாத்திய கதவுப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.